ஊசி தாவிய இடம்

அத்தியாயம் 6

"மூணுலயும் அவுக குரல்தான் சார். ஆனா அவுக எங்கிட்டப் பேசல."

ரெனிஷா மூன்று கேசட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உவரிக் கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். சேலை ஓரத்தில் மழை ஈரம் இன்னும் காயவில்லை.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில், ஜவுளிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. வெளியே 'தளவாய் – தனியார் துப்பறிவாளர்' என்று பலகை. போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையைத் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தளவாய்க்கு இப்போது ஐம்பது வயது. உதவியாளன் நூகு மேலப்பாளையத்துக்காரன். பதினைந்து வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். 'ஊரெல்லாம் டிவி வந்துட்டு, என் வாழ்க்கையில கரண்டு போயிட்டு' என்று சொல்லிக்கொண்டு தளவாயிடம் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

"விளங்கச் சொல்லு தாயி," என்றார் தளவாய்.

ரெனிஷா சொன்னாள். புருஷன் பெயர் டெனிஸ். பம்பாயில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் கித்தார் வாசித்தவன். போன வருஷம் ஆகஸ்டில் லீவில் வந்து போனவன், கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் ஊருக்கு வந்தான். பொங்கல் கழிந்ததும் துபாய் ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மார்ச்சில் ஒரு கேசட் வந்தது. ஜூனில் ஒன்று. செப்டம்பரில் ஒன்று. வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவது அந்தக் கரையில் புதிதில்லை. டெனிஸின் அம்மா அந்தோணியம்மாளுக்கு எழுத்துக் கூட்டவும் வராது. மகன் குரலை தினமும் மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கேட்கிறாள்.

"பிள்ளை மே மாசம் பொறந்துச்சு சார். பையன்னு எழுதினேன். பேரு வச்சதை எழுதினேன். நாலு லெட்டர் போட்டுருக்கேன். செப்டம்பர் கேசட்டுல என்ன கேக்காக தெரியுமா? 'பிள்ளை ஆணா பொண்ணா, உடனே எழுது'ன்னு கேக்காக."

"லெட்டர் கெடைக்காம இருந்திருக்கலாம்," என்றார் தளவாய்.

"கெடைக்கலன்னு ஒரு சொல்லு சொல்லணும்லா? ஏன் எழுதலன்னு ஒரு கோவம் வரணும்லா? ஒண்ணுமில்ல. சொவத்தோட பேசுத மாதிரி பேசுதாக."

நூகு கேசட் வந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துபாய் முத்திரை சரியாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, துபாய்ல இருந்து மூணு பார்சல் வந்திருக்கு. ஒரு சோப்பு, ஒரு செண்டு பாட்டில், ஒரு கோடாலித் தைலம் கூடக் கெடையாது. இது துபாய்ல இருந்து வந்த பார்சலே இல்ல. இல்லன்னா இவரு உலகத்துலயே பெரிய கஞ்சன்."

ரெனிஷா சிரிக்கவில்லை. "அவுக கஞ்சத்தனம் தெரியாதவுக," என்றாள்.

தளவாய் முதல் கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டார்.

'அம்மா, நான் டெனிஸ் பேசுதேன். சுகமா இருக்கேன். இங்கன வெயில்தான் ஜாஸ்தி...' நிதானமான குரல். அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுகிற மாதிரி, ஒரு இங்கிலீஷ் பாட்டு. கித்தார் ஒன்று இழுத்து இழுத்து முனகியது. ஒரு முரட்டுக் குரல் அதற்குப் பதில் சொன்னது.

"இந்தாளு பாடுதானா, பல் டாக்டர்ட்ட வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கானா?" என்றான் நூகு. பிறகு காதை ஸ்பீக்கரோடு ஒட்டினான். அவன் முகத்தில் பழைய மெக்கானிக் வந்து உட்கார்ந்தான். "ரேடியோ இல்ல அண்ணாச்சி. ரெக்கார்டு. எல்.பி. முள்ளு ஒரசுத சத்தம் கேக்கு பாருங்க. துபாய்ல இப்பம் எவன் ரெக்கார்டு கேக்கான்?"

"ப்ளூஸ்ம்பாக," என்றாள் ரெனிஷா. "அந்தப் பாட்டுன்னா அவுகளுக்கு உசுரு. வண்ணார்பேட்டையில தானியேல்னு ஒரு பெரியவரு இருக்காரு. கப்பல்ல வேலை பாத்தவரு. அவருகூடச் சேந்து கேப்பாக."

தளவாய் எழுந்து சட்டையை மாட்டினார். "நீ இங்கனயே இரு தாயி. ரூம்ல ஃபேன் இருக்கு. பிள்ளையத் தூங்க வையி. ஏலே நூகு, வண்டிய எடு."

* * *

தானியேலின் வீடு ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு ஒரு மஞ்சள் கோடு. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து நின்ற உயரம். மூன்று வருஷமாகியும் அவர் வெள்ளையடிக்கவில்லை.

கோட்டுக்கு மேலே ஒரு பழைய எல்.பி. உறை ஆணியில் தொங்கியது. உறை மட்டும்தான். பாதிப் படத்தைச் சேறு தின்றிருந்தது. மீதிப் பாதியில், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் பீர் பெட்டிமேல் உட்கார்ந்து கித்தாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தளவாய் ஒன்றும் சொல்லாமல் கேசட்டை ஓட விட்டார். நாலு விநாடிகூட ஆகவில்லை.

"கிளெம் ஆர்க்ரைட்," என்றார் தானியேல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபதை நெருங்கும் மனிதர். சொல்லும்போது முப்பது வயது குறைந்தது.

"அறுபத்தெட்டுல எங்க கப்பல் லிவர்பூல்ல ரிப்பேருக்கு நின்னுட்டு. மூணு வாரம். குளிருன்னா குளிரு. துறைமுகத்துப் பக்கத்துல ஒரு சாராயக் கடை. உள்ள போனா, இந்த மனுசன் பெட்டி மேல உக்காந்து வாசிக்காரு. கறுப்பு ஜனங்க அமெரிக்காவுல பருத்திக் காட்டுல பாடின பாட்டுய்யா இது. அதை இங்கிலாந்துல மில்லுலயும் சுரங்கத்துலயும் கெடந்த பயலுவ எடுத்துக்கிட்டானுவ. வலி ஒண்ணுதான? நடுவுல ஒரு கம்பி அறுந்துட்டு. மனுசன் நிறுத்தல. மீதி அஞ்சு கம்பியில முடிச்சாரு. நான் போயி கையப் பிடிச்சேன். எந்த ஊருன்னாரு. திருநெவேலின்னேன். எங்க இருக்குன்னாரு. ஆத்தங்கரையிலன்னேன். நானும் ஒரு ஆத்தங்கரைதான்னாரு. இந்த ரெக்கார்ட அவரு கையால வாங்கினேன்."

"அந்த ரெக்கார்டு?"

தானியேல் மஞ்சள் கோட்டைக் காட்டினார். "நாப்பத்திரண்டு ரெக்கார்டு. எல்லாம் சேத்துக்குள்ள அப்பளமா வளைஞ்சு கெடந்துச்சு."

அப்படிச் சொன்னவரின் முகத்தைப் பார்த்து, நாக்கு நுனிக்கு வந்த ஒரு வேடிக்கையை நூகு விழுங்கினான்.

மூன்று கேசட்டுகளையும் வரிசையாகப் போட்டார் தளவாய். தானியேல் டெனிஸின் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் ஓடிய பாட்டைத்தான் கேட்டார். உதடு கூடவே அசைந்தது. முதல் கேசட் முடிந்து இரண்டாவது தொடங்கியதும் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க தம்பி. மொதக் கேசட்டு எங்கன முடிஞ்சுது?"

"ஏதோ மழைன்னு பாடிட்டு இருந்தாரு."

"ரெண்டாவது பாட்டு அது. மழைக்கு அப்புறம் ரெண்டு வரி வரும்." குரல் நடுங்க அந்த இரண்டு வரியையும் முனகிக் காட்டினார். "இந்த ரெண்டு வரிதான் காணோம். அதுக்கு அடுத்த வரியில ரெண்டாவது கேசட்டு ஆரம்பிக்கி."

மூன்றாவதைப் போட்டார்கள். அதுவும் அப்படியே. இரண்டாவது கேசட் நாலாவது பாட்டின் நடுவில் நின்றிருந்தது. நடுவில் ஒரு வரி போக, அங்கிருந்தே மூன்றாவது ஓடியது. கடைசியில் ஐந்தாவது பாட்டும் முடிந்து, வெறும் கர்கர் சத்தம். சுவரிலிருந்த உறையைக் கழற்றி, பின்பக்கத்துப் பாட்டு வரிசையோடு ஒத்துப் பார்த்தார் தளவாய். இம்மி பிசகவில்லை.

நூகு விரல்விட்டு எண்ணினான்.

"மார்ச்சு, ஜூன், செப்டம்பர்," என்றான். "மூணு லெட்டரும் ஒரே நாள்ல பேசினது. ரெக்கார்டை நிறுத்தாம ஓட விட்டுருக்கான். காணாமப் போன வரியெல்லாம் கேசட் மாத்துற நேரம்."

"இருபது நிமிசம்," என்றார் தளவாய். "இருபது நிமிசத்துல ஆறு மாசத்தைப் பேசி முடிச்சிருக்கான்."

"இன்னொண்ணு," என்றார் தானியேல் யோசனையாக. "மூணாவது பாட்டு, ரயில் பாட்டு. அதுல ஒரு எடத்துல முள்ளு தாவுது கேட்டீங்களா? அரை வரியை முழுங்கிட்டு அந்தப் பக்கம் குதிக்கி. என் ரெக்கார்டுல இது கெடையாது. சார் ரெக்கார்டுலயும் கெடையாது."

"எந்த சார்?"

"கல்லிடைக்குறிச்சி கோபாலசுப்பிரமணியன் சார். காலேஜில இங்கிலீஷ் புரொபசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இந்த ஜில்லாவுல இந்த ரெக்கார்டு இனி அவரு ஒருத்தர்ட்டதான். நானும் டெனிசும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்கன போயிருவோம். மூணு பேருக்கும் அதான் கோயிலு. டெனிசு பம்பாய் போனப்புறம் நாங்க ரெண்டு பேரு. ஜனவரி முதல் ஞாயிறு டெனிசும் வந்திருந்தான். இதே ரெக்கார்டத்தான் கேட்டோம். சுத்தமா ஓடிச்சு."

"அதுக்கப்புறம்?"

பெரியவர் உறையை மறுபடியும் ஆணியில் மாட்டினார். மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் சார் கூப்புடல. ப்ளேயர் ரிப்பேர்னு கார்டு எழுதினாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல தம்பி."

* * *

சேரன்மகாதேவி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரின் பின்னாலிருந்து தளவாய் நூகுவின் காதருகே பேசினார்.

"மூணு லெட்டரை ஒரே மூச்சுல பேச வச்சிருக்கான்னா, மார்ச்சு மாசம் பேச இவன் இருக்க மாட்டான்னு ஜனவரியிலேயே யாருக்கோ தெரிஞ்சிருக்குலே."

நூகு வேகத்தைக் குறைத்தான். அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் இதை யார் போய்ச் சொல்வது?

கல்லிடைக்குறிச்சியில் மழை விட்டிருந்தது. அக்கிரகாரத் தெரு கழுவி விட்டதுபோலக் கிடந்தது. அப்பளம் காயப் போட வழியில்லாமல் பெண்கள் வானத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார்கள்.

"இந்தத் தெருவுல நாய்கூட பையத்தான் குரைக்கும் போல," என்றான் நூகு.

புரொபசர் கதவைப் பாதி திறந்தார். மெலிந்த உயரமான உடம்பு, நாலு நாள் தாடி. டெனிஸின் பெயரைச் சொன்னதும் முன்னறையில் உட்கார வைத்தார். உள்கட்டுக்குப் போகும் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே சாய்வு நாற்காலியில் அமர்ந்தார்.

"டெனிஸா? துபாய்ல சௌக்கியமா இருக்கான்னுதானே கேள்வி?"

"அவர் கேசட்டுல ஒரு பாட்டு கேக்குது சார். உங்க ரெக்கார்டுன்னு தானியேல் சொல்லுதாரு."

தளவாய் இரண்டாவது கேசட்டை ஓட விட்டார். புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வலது கை விரல்கள் நாற்காலிக் கையில் மெல்லத் தாளம் போட்டன. ரயில் பாட்டு வந்தது, போனது. தளவாய் நிறுத்தினார்.

"என்னோடதுதான்," என்றார் புரொபசர் அமைதியாக. "ஊருக்குப் போறச்சே அவனுக்குக் கொடுத்துட்டேன். பொங்கல் மறுநாள். இனிமே நேக்கு எதுக்கு? அவன் துபாய்ல போட்டுக் கேக்கறான் போலிருக்கு. நடுவுல முள்ளு தாவறதே, பாவி, கீறிட்டான். நான் கொடுக்கறச்சே சுத்தமா இருந்தது."

அவ்வளவுதான். பிடித்து வந்த நூல் கையிலேயே அறுந்தது. ரெக்கார்டு துபாயில் இருந்தால் பாட்டும் துபாயில்தானே கேட்கும்? நூகு தளவாயைப் பார்த்தான். அவர் கைகூப்பி எழுந்துவிட்டார்.

தெரு முனைக்கு வந்ததும் நூகு வெடித்தான். "என்ன அண்ணாச்சி, ஒரு காபி கூடக் குடிக்காம எந்திரிச்சிட்டீய? முப்பது கிலோமீட்டர் நனைஞ்சு வந்தது அவரு நாற்காலியப் பாக்கவா?"

"நாற்காலியத்தான் பாத்தேன். அதுமேல அவரு விரலு என்னலே பண்ணிச்சு?"

"தாளம் போட்டுச்சு."

"ரயில் பாட்டுல முள்ளு தாவுன எடத்துல?"

நூகு நினைத்துப் பார்த்தான். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. முள் அரை வரியை விழுங்கித் தாவிய அதே நொடியில், விரலும் அந்த அரை வரியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கியது.

"வருசக்கணக்கா சுத்தமான ரெக்கார்டைக் கேட்டவரு," என்றார் தளவாய். "கீறினது துபாய்லன்னா, அந்தத் தாவல் இன்னிக்குத்தான் அவரு காதுல விழணும். விரல் தடுமாறணும். ஒரு தடவை, ரெண்டு தடவை கேட்டும் இது வராதுலே. தினம் கேட்டாத்தான் வரும். ரெக்கார்டு இந்த வீட்டை விட்டுப் போகவே இல்ல."

"அப்ப டெனிசு?"

"அதைத்தான் பாக்கணும்."

"உள்கதவைத் தொறந்து மூடுனப்ப டெட்டால் வாடை வந்துச்சு அண்ணாச்சி. கழுவித் தள்ளியிருக்காரு." நூகுவின் குரல் இறங்கியது. "போலீசைக் கூப்பிட்டுருவோமா?"

"மொதல்ல கொல்லைப்பக்கம் வா."

வீடுகளின் பின்புறம் கால்வாய் நிறைந்து ஓடியது. படித்துறையில் யாருமில்லை. புரொபசர் வீட்டுக் கொல்லையில் கொடி நிறைய வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும், தனியாள் வீட்டுக்கு ரொம்ப அதிகமாக, மழையில் நனைந்து தொங்கின. இருவரும் மதிலோரம் நின்றார்கள்.

பத்து நிமிஷம். பிறகு, பின்கட்டு ஜன்னலிலிருந்து அந்த முரட்டுக் குரல் கிளம்பியது. கித்தார் முனகியது. ரயில் பாட்டு. முள் தாவியது.

"ப்ளேயர் ரிப்பேர் ஆயிருச்சு போல," என்றான் நூகு.

தளவாய் கொல்லைக் கதவைத் தள்ளினார். தாழ் போடவில்லை. தாழ்வாரத்தைக் கடந்து பாட்டு வந்த அறைக்குள் எட்டிப் பார்த்த நூகு, பிணத்தைப் பார்க்கத் தயாராகத்தான் இருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

கட்டிலில் ஒருவன் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். முதுகுக்குத் தலையணை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, தோள்பட்டை எலும்பு சட்டைக்குள்ளிருந்து குத்திக்கொண்டு நின்றது. அறுபது வயதுக் கிழவன் என்றே எண்ணியிருப்பான் நூகு, அவன் வாயைத் திறக்காமலிருந்தால். குரல் கரகரத்துத் தேய்ந்திருந்தாலும் அந்த மூன்று கேசட்டின் குரல்தான்.

"சார், யாரோ வந்திருக்காக."

கஞ்சிக் கிண்ணமும் கரண்டியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரொபசர் எழுந்து, கட்டிலுக்கும் தளவாய்க்கும் நடுவே வந்து நின்றார். அடிக்க வருகிறவனை மறிக்கிற மாதிரி.

"அவன் ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் எல்லாம்."

"டெனிஸ்தானா?" என்றார் தளவாய்.

கட்டிலிலிருந்தவன் தலையை ஆட்டினான்.

பம்பாயில் டிசம்பரில் ஒரு சிநேகிதனின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனான். அங்கேதான் சொன்னார்கள், எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று. எப்போதோ நடந்த ஒரு தப்பு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தான். சொல்ல வாய் வரவில்லை. ஜனவரியில் இருமல் தொடங்கியது. காசநோயும் சேர்ந்துகொண்டது. நேராக இங்கே வந்தான். அம்பாசமுத்திரத்து டாக்டர் ஒருவர் யாருக்கும் சொல்லாமல் வந்து பார்க்கிறார்.

"குரல் போயிரும்னு டாக்டர் சொன்னாரு," என்றான் டெனிஸ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "இருக்கும்போதே பேசி வச்சிருவோம்னு உக்காந்தேன். இருமல் கேக்கக் கூடாதுன்னு ரெக்கார்டைச் சத்தமா வச்சோம். போடும்போது கை நடுங்கி முள்ளு கீறிட்டு. சாரோட மாணவர் ஒருத்தர் துபாய்ல இருக்காரு. அவரு மூலமா அனுப்பினோம். ரெனிஷா போடுத லெட்டரும் அவரு வழியாத்தான் வருது." தலையணைக்கு அடியில் கையை விட்டான். நான்கு கடிதங்கள். மடித்து மடித்து நைந்திருந்தன. "பையன்னு தெரியும். திரும்பப் பேச முடியல. குரல் இல்ல."

இருமல் வந்தது. முக்காலியிலிருந்த தண்ணீர் டம்ளருக்காகக் கையை நீட்டினான். எட்டவில்லை. டம்ளர் நூகுவுக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நூகுவின் கால் தானாக ஓரடி பின்னால் போனது.

டெனிஸ் அதைப் பார்த்துவிட்டான். "பரவால்ல அண்ணே," என்றான்.

புரொபசர் டம்ளரை எடுத்து அவன் வாயில் வைத்தார். வாயைத் தன் துண்டால் துடைத்தார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார்.

"அறுபத்திநாலுல மான்செஸ்டர்ல படிச்சிண்டிருந்தேன். நவம்பர் குளிர். விடாம இருமல். வீட்டுக்காரி என் பெட்டியைத் தூக்கித் தெருவுல வச்சுட்டா. கறுப்பனோட இருமல்னு பயம். ராத்திரி தங்க எடம் இல்லாம, சூடா இருக்கேன்னு ஒரு பாட்டுக் கூடத்துக்குள்ள நுழைஞ்சேன். கிளெம் ஆர்க்ரைட் வாசிச்சிண்டிருந்தார். முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் நான் எழுந்திருக்கலை. என்னன்னு கேட்டார். அவராத்துக்கு அழைச்சிண்டு போனார். பதினோரு நாள். மாமிசம் வேண்டாம்னதும் உருளைக்கிழங்கை அவிச்சுக் கொடுத்தா அவர் பெண்டாட்டி. ஜாதி கேக்கலை, வியாதி கேக்கலை. எல்லாரும் அவர் கித்தாரைப் பத்திச் சொல்வா. நேக்கு அந்த உருளைக்கிழங்குதான் ஞாபகம். இவன் வாசல்ல வந்து நின்னப்போ நான் எப்படிக் கதவைச் சாத்துவேன் சொல்லுங்கோ?"

அறையில் ரெக்கார்டு முடிந்து கர்கர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தளவாய் போய் முள்ளைத் தூக்கி வைத்தார்.

"கதவைத் தொறந்தது பெரிய காரியம் சார். ஆனா அந்த ஆர்க்ரைட் உங்களை ஒளிச்சு வைக்கல. வீட்டுல வச்சிருந்தாரு."

"வெளில தெரிஞ்சா அவன் அம்மாவையும் பெண்டாட்டியையும் அந்த ஊர்ல ஒரு குடம் தண்ணி பிடிக்க விடுவாளா? அவாளைக் காப்பாத்தத்தான்..."

"அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மாசம்," என்றார் தளவாய். குரல் உயரவில்லை. "இப்பம் ரெனிஷா என் ரூம்ல உக்காந்து தாய்ப்பால் குடுத்துட்டு இருக்கா. அவ ரத்தத்துல இது இருந்தா?"

புரொபசரின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் உரசி ஒலித்தது. அவர் முகத்தைப் பார்த்த நூகுவுக்குப் புரிந்தது: ஷெல்லியையும் கீட்ஸையும் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய அந்த மனிதர் இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவே இல்லை.

டெனிஸ் யோசித்திருந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்போதே அவளுக்கு நாலு மாசம் முடிஞ்சிட்டு," என்றான் சுவரிடம். "சொல்லி என்ன ஆயிருக்கப் போகுது?"

"என்ன ஆகணும்னு அவ முடிவு பண்ணியிருப்பா."

"சொல்லிராதீய சார். நான் செத்தப்புறம் சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

"என்னைக் கூப்பிட்டது அவ, டெனிஸ். நான் அவளுக்குத்தான் பதில் சொல்லணும்."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து தளவாய் தன் அறைக்கு, ரெனிஷாவுக்குப் போன் செய்தார். 'கெடச்சிட்டாரு. உசுரோட இருக்காரு. கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறி வா தாயி' என்றார். அதற்குமேல் போனில் சொல்லவில்லை.

* * *

நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள் ரெனிஷா. முகத்தில் ஒன்பது மாசமாக இல்லாத வெளிச்சம். அதைப் பார்க்கச் சகிக்காமல் நூகு ஸ்கூட்டர் சக்கரத்தைப் பார்த்தான்.

தளவாய் அவளைக் கால்வாய்ப் படித்துறையில் உட்கார வைத்தார். சுற்றி வளைக்கவில்லை. வியாதியின் பெயரைச் சொன்னார். எப்படி வரும், எப்படி வராது என்பதைச் சொன்னார். கேசட்டுகள் எங்கே பேசப்பட்டன என்று சொன்னார். அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே வீச்சில் போனது.

ரெனிஷா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் இருக்குமா?"

"தெரியாது. ரத்தம் பாக்கணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில பாக்காக. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"பிள்ளைக்கு?"

"உனக்கு இல்லன்னா பிள்ளைக்கு இல்ல. உனக்கு இருந்தா... எல்லாப் பிள்ளைக்கும் வந்துராதும்பாங்க தாயி. தாய்ப்பால் வழியாவும் வரும்பாங்க. பாக்கணும்."

அவள் எழுந்தாள். கொல்லைக் கதவுவரை நடந்தாள். அங்கே நின்று, தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு நூகுவைப் பார்த்தாள்.

"அண்ணே, இவனைக் கொஞ்சம் பிடிப்பீயளா?" என்றாள். சட்டென்று குரல் தாழ்ந்தது. "தொட பயமா இருந்தா வேண்டாம். கீழ துணி விரிச்சுக் கெடத்திருதேன்."

நூகுவின் காதில் ரத்தம் ஏறியது. உள்ளே நடந்ததை இவள் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் இத்தனை சீக்கிரத்தில், இதைக் கேட்க வேண்டும் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டதே!

"கொண்டா தாயி," என்று இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் உள்ளே போனாள். பிறகு அவள் குரல் எழும்பியது. உவரிக் கரையில் கட்டுமரத்தைக் கூப்பிடுகிற குரல். திட்டினாள். அவனைத் திட்டினாள், புரொபசரைத் திட்டினாள், கேசட்டைத் திட்டினாள், மாதாவைத் திட்டினாள். பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தளவாய் அவர்களை நேராகப் பார்த்ததும் உள்ளே போனார்கள். குரல் உடைந்தது. அப்புறம் அழுகை, ஒன்றல்ல, இரண்டு பேர் அழுகை. அப்புறம் கிண்ணத்தில் கரண்டி படும் ஓசை. யார் ஊட்டுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை.

குழந்தை விழித்துக்கொண்டது. நூகுவின் சட்டைப் பொத்தானைச் சப்பிப் பார்த்தது. ஒன்றும் வராததில் கோபம் கொண்டு வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டினான். தனக்குத் தெரிந்த தாலாட்டு அத்தனையும் பாடினான். அடங்கவில்லை. பசி.

அழுகை கேட்டு ரெனிஷா ஓடி வந்தாள். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். கை பழக்கத்தில் முந்தானைக்குள் போனது.

அப்படியே நின்றாள்.

குழந்தை முகத்தை அவள் நெஞ்சில் முட்டி முட்டித் தேடியது. ரவிக்கை நனைந்து ஈரம் படர்வது நூகுவுக்குத் தெரிந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ரெனிஷா கையை வெளியே எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அண்ணே," என்றாள். "பால் பவுடர் எந்தக் கடையில கிடைக்கும்?"

"கடைத்தெருவுல மெடிக்கல் இருக்கு."

"ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. பாட்டிலும் ஒண்ணு. வெரசலா."

நூகு ஸ்கூட்டரை உதைத்தான். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. அக்கிரகாரத் தெரு முழுக்க, கடைத்தெரு திரும்பும் வரைக்கும், குழந்தையின் அழுகை பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது.